அந்த ஊர் வழியாக

பட்டியலில் முதலாவதாக வந்த டிக்கெட்டைப் பார்த்ததும் லிஃப்ட் மெக்கானிக் லேப்டாப்பைப் பாதி மூடினான். மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். மனைவி பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், இந்தப் பக்கம் பார்க்கவில்லை. மெல்லத் திறந்து மறுபடி பார்த்தான். இருப்பதிலேயே மலிவு அதுதான். நான்கு பேரும் போய்த் திரும்பிவிடலாம், கையையும் கடிக்காது. ஒரே ஒரு சங்கடம், நடுவில் பத்து மணி நேரம் அந்த ஊரில் இறங்கி இருக்க வேண்டும். சரி, சனியன் போகட்டும் என்று இரண்டாவதைப் பார்த்தான். அதுவும் அந்த ஊர் வழியாகத்தான். மூன்றாவதும் அப்படியே. அந்த ஊரைத் தொடாமல் போகிறவை எல்லாம் பட்டியலின் அடியில் கிடந்தன, ஒவ்வொன்றும் யானை விலை குதிரை விலை.

இந்தப் பயணம் மனைவியின் தங்கை பிடித்த பிடிவாதம். கடலோரமாக வீடு எடுத்திருக்கிறாளாம். தங்க இடம் இருக்கிறது, டிக்கெட்டை மட்டும் போட்டுக்கொண்டு வந்து சேருங்கள், இந்தக் கோடை விடுமுறைக்கு வராவிட்டால் இனிமேல் பேசவே மாட்டேன் என்று போனில் சண்டை. மகள்கள் இரண்டு பேரும் அதைக் கேட்ட நாளிலிருந்து வீட்டில் தரையில் நடக்கவில்லை. சின்னவளை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் ஜன்னலோர சீட் தனக்குத்தான் என்று அக்காவிடம் எழுதி வேறு வாங்கிக்கொண்டாள். இவ்வளவும் ஆன பிறகு முடியாது என்று சொல்ல எந்த அப்பனுக்கு மனசு வரும்?

அந்த வீட்டில் அந்த ஊருக்குப் பெயர் கிடையாது. கல்யாணமான புதிதில் அங்கேதான் குடித்தனம். வானத்தை இடிக்கிற கட்டடங்களுக்கு லிஃப்ட் மாட்டும் வேலை அவனுக்கு. முதல் குழந்தை பிறந்ததும் அங்கேதான். நாள் நிறையவில்லை, மனைவிக்கு வலிப்பு வந்துவிட்டது, தாயைப் பார்ப்பதா பிள்ளையைப் பார்ப்பதா என்று டாக்டர்கள் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் பிறந்த பெண். ஒரு பகலும் ஒரு இரவும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துவிட்டுப் போய்விட்டாள். இவளுக்கு நினைவு திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. கூட வேலை பார்த்த வெல்டர் காரை ஓட்ட, இவன் பின்சீட்டில் குழந்தையை வைத்துக்கொண்டு போய் அடக்கம் பண்ணிவிட்டு வந்திருந்தான். எங்கே என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் சொல்லத்தான் இருந்தான். கேட்காததைப் பார்த்து, பாவம், தாங்கமாட்டாள், நாமாக எதற்குக் கிளற வேண்டும் என்று அவனே ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். அப்புறம் வேலை மாறி, ஊர் மாறி, இரண்டு பெண்களும் பிறந்து, அந்தப் பேச்சு அப்படியே புதைந்து போயிற்று. ஒன்று மட்டும் மிச்சம். பெரியவளைக் காட்டி யாராவது, இதுதான் மூத்ததா என்று கேட்டால், அவள் ஆமாம் என்று சொல்ல ஒரு மூச்சு நேரம் தாமதமாகும். அது கேட்டவர்களுக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும்.

பெரியவள் வந்து பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். திரையை ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"இருக்கறதுலயே இதுதாம்ப்பா கம்மி. இதை ஏன் தள்ளிக்கிட்டே போறீங்க?"

பத்து மணி நேரம் முன்பின் தெரியாத இடத்தில் எப்படிக் காத்துக் கிடப்பது, வாலு அந்த விமான நிலையத்தையே தலைகீழாகப் புரட்டிவிடுவாளே என்று ஏதோ பூசி மெழுகினான். பத்து மணி நேரம் இருந்தால் வெளியே போய் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டே வரலாமே என்றாள் அவள். பால்கனியில் துணி உதறும் சத்தம் நின்றது. அப்புறம் பார்க்கலாம் என்று லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான்.

மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டே போனைப் பார்த்தவனுக்கு வாயில் நுரை நின்றுபோனது. டிக்கெட் நிறுவனத்திலிருந்து மெயில். நீங்கள் விசாரித்த பயணத்தின் விலை குறைந்திருக்கிறது. கீழே கொட்டை எழுத்தில் அந்த ஊரின் பெயர். நேற்று கை தவறி எதையாவது அழுத்தித் தொலைத்திருப்போம் என்று தன்னையே திட்டிக்கொண்டு, இந்த அறிவிப்பு வேண்டாம் என்ற இடத்தைத் தேடிப்பிடித்து அழுத்தினான். தொல்லை விட்டது என்றிருந்தான். அடுத்த நாள் அதே மெயில், அதே ஊர். மறுபடி நிறுத்தினான். அதற்கும் அடுத்த நாள் வந்தபோது, அவன் ஒரு பழைய குடியிருப்பில் லிஃப்ட் கூண்டின் மேல் ஏறி நின்று கம்பிவடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். மேலேயும் இருட்டு, கீழேயும் இருட்டு. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்தான். அந்தக் கிணறு மாதிரியான இடத்தில் வெளிச்சமாக இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

எத்தனை வருஷமாக இந்த இருட்டில் நின்று பிழைக்கிறவன், அன்றைக்கு எண்ணெய் டப்பாவைக் கீழே வைத்துவிட்டான். ஒருவேளை அந்த முதல் பெண்தான் கூப்பிடுகிறாளோ என்று ஒரு நினைப்பு வந்தது. சீ, பைத்தியக்காரா, கம்ப்யூட்டர் அனுப்புகிற மெயிலுக்குப் போய் என்று தன்னையே அதட்டிக்கொண்டான். அதட்டி என்ன செய்ய? நினைப்பு வந்தது வந்ததுதான். அவன் பயந்தது ஆவிக்கும் பேய்க்கும் அல்ல. குழந்தைகளை அடக்கம் பண்ணும் மூலையில், சொதசொதவென்றிருந்த மண்ணில், பெயருக்குப் பதிலாக எண் எழுதின ஒரு தகட்டை நட்டார்கள். சில வருஷம் போனால் இதே இடத்தில் வேறு பிள்ளைகளை வைப்பார்கள், மனசைத் தேற்றிக்கொள் என்று வரும் வழியில் வெல்டர் சொன்னான். அதை அவன் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. மனைவி அங்கே போய் நின்று, இதுவா அதுவா என்று பார்த்து, ஒன்றுமே இல்லாமல் போனால்? இல்லாத இடத்தில் அவளை எப்படி நிறுத்துவது? அதற்கு யானை விலையே தேவலை என்று தோன்றியது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பெரியவளிடம் போனை நீட்டினான். எத்தனை முறை நிறுத்தினாலும் இந்தக் கழுதை திரும்பத் திரும்ப வருகிறது, என்னவென்று பார் என்றான். அவள் எதையெதையோ தட்டிப் பார்த்தாள்.

"இது தானா வராதுப்பா. நீங்க நிறுத்தினது நின்னுதான் இருக்கு. அதுக்கப்புறம் யாரோ மறுபடி கேட்டு வச்சிருக்காங்க, தினமும். நான் இல்ல, வாலுவுக்கு இதெல்லாம் தெரியாது."

அந்த டிக்கெட் கணக்கைத் திறக்கத் தெரிந்தவர்கள் வீட்டில் மூன்றே பேர். அவன் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு, அந்த டிக்கெட் இன்னும் இருக்கிறதா பார் என்று லேப்டாப்பை அவளிடம் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனான்.

மனைவி அப்போதுதான் கண்ணாடிக் கடையிலிருந்து வந்திருந்தாள். மற்றவர்களின் மூக்குக்கும் காதுக்கும் ஃபிரேமை வளைத்து வளைத்துப் பொருத்துகிற வேலை, கடுகளவு திருகு கீழே விழுந்தாலும் தேடி எடுத்துவிடுகிற கண். நின்றுகொண்டே பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அவன் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தான், குடிக்கவில்லை.

"நான்தான் வச்சேன்" என்றாள் அவள், நிமிராமலே. "நீங்க எடுக்க எடுக்க வச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல வாய் வரலைங்க. அந்த ஊர் பேரை எடுத்தாலே உங்க முகம் செத்துப் போகுது. வேற எப்படிக் கேக்கறது?"

இத்தனை வருஷமாக அவளுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்ததாக நினைத்தவன் அவன். அவளானால் அவனுக்காக மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். நல்ல கூத்து. அவனுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. டம்ளரை வைத்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டினான். மூலையை, தகட்டை, வெல்டர் சொன்னதை. போனால் அங்கே எதுவும் இருக்காது, வேறு யாருடைய பிள்ளையாவது இருக்கும், எண்கூட மறந்துவிட்டது என்றான்.

அவள் கை பட்டாணியிலேயே நின்றது.

"மண்ணு இருக்கும்ல?" என்றாள்.

இருக்கும் என்று தலையாட்டினான்.

"அது போதும். பிள்ளைங்ககிட்டயும் சொல்லிடுவோம். அவங்களுக்கு அக்காதானே." பட்டாணிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். நான் ஒரு தடவைகூடப் பாக்கல. நீங்க பாத்தீங்க, தூக்கிட்டுப் போனீங்க. எவ்ளோ பெருசு இருந்தா?"

இதை அவனிடம் யாரும் கேட்டதில்லை. வெல்டர்கூட முன்னால் பார்த்துத்தான் ஓட்டினான். சொல்ல வாயெடுத்தான், அளவுக்கு எந்த வார்த்தையும் சிக்கவில்லை. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினான். முதலில் அகலமாக நீட்டி, இல்லை என்று குறுக்கி, இன்னும் குறுக்கினான். ஓரிடத்தில் கைகள் தாமாகவே நின்றுவிட்டன. மனசுக்கு எண் மறந்திருந்தது, கை அவளை மறக்கவில்லை. அந்தக் கனமும் வந்துவிட்டது போல விரல்கள் லேசாக மடங்கின.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

கூடத்திலிருந்து பெரியவள் குரல் கொடுத்தாள். "அப்பா, நாலு சீட்டுதான் மீதி இருக்குன்னு காட்டுது. போடவா, வேணாமா?"

வாலு ஜன்னல் ஜன்னல் என்று கத்துவது கேட்டது. அவன் மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, அவன் கைகளுக்கு நடுவில் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடும்மா" என்றான். கைகளை இறக்கவில்லை. எப்படி இறக்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

"தலை எந்தப் பக்கம் இருந்துச்சு?"

அவன் இடது முழங்கையைக் கொஞ்சம் உயர்த்தினான். அவள் தன் உள்ளங்கையைக் குழித்து, அந்த முழங்கை மடிப்புக்கு மேலே, எதன் மீதும் பட்டுவிடாமல், மெல்லக் கொண்டுபோய் வைத்தாள்.