மல்லிகா டீச்சரின் நிறம்

...இல்லை, இது அம்மா இல்லை, மூக்கு அம்மாவுடையதுதான், மூக்குத்திகூட அதே பக்கம்தான், ஆனால் யார் இந்த அம்மாள், எங்கள் ஊர் கட்கி பஜாரில் என்றைக்காவது மத்தியான வெயிலில் பை தூக்கி நடந்திருப்பாளா இவள், கன்னமெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி... நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டுடியோ இஸ்மாயில் பாய் கம்ப்யூட்டர் திரையை இன்னும் கொஞ்சம் என் பக்கம் திருப்பினார், முகத்தில் அப்படியொரு பெருமை. "டீச்சருக்குன்னு மத்தியானம் பூரா ஒக்காந்து செஞ்சேன் ரோஹிணிக்கா. ஏக்தம் மேம்சாப் மாதிரி இல்ல?" மேம்சாப்! வெள்ளைக்காரத் துரைசானி என்று சொல்லியே விட்டார். நாளைக்கு அம்மாவுக்குப் பதினாறாம் நாள் காரியம், இந்தப் படத்துக்குத்தான் மாலை போடப்போகிறோம், அப்புறம் ஹாலில் ஆணியடித்து மாட்டினால் எங்கள் காலம் உள்ளவரை இதுதான் அம்மா. கலரை ஏன் மாற்றினீர்கள் பாய் என்று கேட்டேன், மனுஷன் திகைத்துப்போனார் பாவம். அம்மாவிடம் படித்தவர், அடியும் வாங்கியவர், மரியாதைக்காகச் செய்ததாம். பாஸ்போர்ட் போட்டோவோ கல்யாண ஆல்பமோ, முதல் வேலை முகத்தை வெளுப்பதாம், வெளுக்காவிட்டால்தான் சண்டைக்கு வருவார்களாம்.

வருவார்கள், ஏன் வரமாட்டார்கள்... வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போய் எத்தனை காலம் ஆகிறது, கப்பலேறும் அவசரத்தில் நிறத்தை மட்டும் இங்கேயே மறந்து வைத்துவிட்டானா, நாமும் அதைத் துடைத்துத் துடைத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டு, சே. அம்மா வேலை பார்த்தது அவர்கள் கட்டிய பள்ளிக்கூடம்தானே, வருஷாவருஷம் டீச்சர்கள் குரூப் போட்டோவில் சிவந்தவர்கள் எல்லாம் முன்னால் நாற்காலியில், கறுத்தவர்கள் பின்னால் பெஞ்சு மேல், யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, எந்தக் காலத்திலோ ஒரு துரைசானி பிரின்சிபால் வைத்த வழக்கம், அவள் போன பிறகும் நம்மவர்களே கண்ணும் கருத்துமாக நடத்தினார்கள். ஒரு வருஷம் அம்மா நேராகப் போய் நடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நீங்கள் உயரம், பின்னால் நில்லுங்கள் மல்லிகா என்றார்களாம், ஐந்தடிகூட இல்லாத என் அம்மாவை! "ஸ்கேல் எடுத்துட்டு வாங்க, அளந்துடலாம்"னு சொன்னேன்டி, நாற்காலிய விட்டு நகரல... வீட்டுக்கு வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னாள், அப்புறம் சமையலறையில் வெகுநேரம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், வெங்காயத்துக்கா அழுதாள், எனக்கு அப்போது கேட்கத் தெரியவில்லை. அப்படி உட்கார்ந்த அம்மாவை, அவள் எழுந்து வந்து தடுக்க முடியாத நேரம் பார்த்து, நாமே வெளுத்துவிடுவதா? முடியாது. நடக்காது.

தம்பி கிட்டு போன் செய்தான், படத்தை அவனுக்கும் அனுப்பியிருக்கிறார் பாய். "நல்லாத்தானக்கா இருக்குது. அம்மாவ அழகா காட்டுனா உனக்கென்ன கஷ்டம்? பேசாம வாங்கினு வா." அழகா... எனக்குச் சுர்ரென்று வந்தது. "அம்மா அழகா இல்லன்னு உன்கிட்ட யார்ரா சொன்னது?" அவன் பெண் தீப்தியைச் சொன்னேன், அப்படியே அம்மா நிறம் அந்தக் குழந்தை, பெட்டியில் ஸ்கின் கலர் என்று ஒரு ரோஸ் கிரேயான் இருக்குமே, அதை வைத்துத்தான் தன்னை வரையும், அம்மாதான் அதைப் பிடுங்கிவிட்டுப் பிரவுனைக் கையில் திணித்தாள், இதான்டி நம்ம கலர் என்று. இனிமேல் யார் பிடுங்குவது, சுவரில் மேம்சாப் உட்கார்ந்திருந்தால் குழந்தை எந்தக் கிரேயானை எடுக்கும்? கிட்டு பெருமூச்சு விட்டான். "சரிக்கா... மாத்தச் சொல்லு."

ஆனால் எதைப் பார்த்து மாற்றுவது? நாங்கள் கொடுத்த படமே கிட்டுவின் பெண்டாட்டி போனில் எடுத்தது, அந்தப் போன் கேட்காமலே வெளுத்துவிடும் என்றார் பாய். என் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன், அதிலும் எல்லா அம்மாவும் பால் கலந்தவள்தான், பழைய குரூப் போட்டோவோ கறுப்பு வெள்ளை. "அரே அக்கா, அசல் நிறம் எங்க இருக்குது, சொல்லுங்க, போட்டுடறேன்." கண்ணை மூடினேன். அம்மாவின் நிறத்துக்கு எனக்கு ஒரு நல்ல வார்த்தைகூடத் தெரியவில்லை, தெரிந்ததெல்லாம் தெருவில் கேட்ட வசவும் வரன் பார்க்கும்போது சொல்லும் மாநிறம் என்ற பொய்யும்தான்... ஆனால் ஊரே சொல்லியிருக்கிறதே, பெண்ணும் அம்மா நிறத்திலேயே பிறந்துவிட்டதே என்று உச்சுக்கொட்டிச் சொல்லியிருக்கிறதே! சட்டென்று கையை நீட்டித் திரைக்குப் பக்கத்தில் வைத்தேன். "இதப் பாத்துப் போடுங்க பாய்." டியூப்லைட்டைப் போட்டார். இன்னும் கொஞ்சம் என்றேன், பயப்படாதீங்க, இன்னும்... நெற்றி வந்தது, கன்னம் வந்தது, அந்த முகத்தில் மூக்குத்தி இப்போதுதான் மின்னியது, வந்துவிட்டாள், அம்மா வந்துவிட்டாள், எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பாய் ஒருமுறை சரிபார்க்கத் திரும்பினார். என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி கையை. "தப்பா நெனச்சிக்காதீங்கக்கா. கை ஒரு கலரா இருக்குது, மூஞ்சி ஒரு கலரா இருக்குது. நான் எத வச்சுப் போடட்டும்?"

"கைய" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. அவர் திரும்பிக்கொண்டார். தினமும் பூசுகிற வெளுக்கும் க்ரீம்தான், நான் வேலை பார்க்கும் ஔந்த் ஆபீசில் பூசாதவள் யார், இதற்கெல்லாமா ஒருத்தி... ஆனால் இன்றைக்கு ஆபீஸ் இல்லையே, துக்க வீட்டிலிருந்துகூட இதைப் பூசிக்கொண்டுதானே கிளம்பியிருக்கிறேன், ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை நாளும் இதோடுதானே... என் முகத்தை, என் சொந்த முகத்தை, அம்மா கடைசியாக எப்போது பார்த்தாள்?