முப்பதடி ஒயர்

எர்ணாவூர் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தாறு வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். நான் ஸ்விட்ச் போட்டால்தான் எண்ணூரில் பொழுது விடியும் என்று சொல்லித் திரிந்தவன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புளுகைக் குறைக்கவில்லை. 2001இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே தொழிற்சாலையில் இன்னும் வெல்டராக இருந்த சவரிநாதன் திருவொற்றியூரில் என் வாசலுக்கு வந்து நின்றான்.

“மாமு, பாட்டு செட்டு பேஜார் பண்ணுது. லெஃப்ட் ஸ்பீக்கர்ல சவுண்டு கம்மியா கீது. வந்து பாரு.”

அவன் வீட்டுக்குப் போனேன். பர்மா பஜாரில் வாங்கிய செட்டு. ஒவ்வொரு ஸ்பீக்கரும் பீரோ உயரம். சரி, பீரோவில் பாதி. ஆம்ப்ளிஃபயரை ஒட்டி வலது ஸ்பீக்கர். அதற்கு ஆறடி ஒயர். இடது ஸ்பீக்கர் அந்தப் பக்கத்து மூலையில். கதவு நிலையைச் சுற்றிப் போன ஒயர் முப்பதடி.

“நீளந்தான் காரணம் மாமு. வெல்டிங் கேபிள் நீளமானா ஆர்க் மந்தமாவும்ல? அந்த மேரி.”

“டேய், அதுல ஓடறது காட்டாறு. இதுல ஓடறது எறும்பு மூத்திரம். பழவேற்காடு வரிக்கும் இழுத்தாலும் ஒண்ணியும் ஆவாது.”

அவன் கேட்கவில்லை. பத்தடியாக வெட்டினேன். கம்மி என்றான். ஆறடியாக்கினேன். கம்மி. இரண்டடியாக்கினேன். பெட்டிகள் இரண்டும் ஆம்ப்ளிஃபயரின் தோளில் தொங்காத குறை. அப்போதும் கம்மி. ஒயரை மாற்றினேன், வலது பெட்டியை இடதுக்கும் இடதை வலதுக்கும் மாற்றினேன். இடது பக்கம் கம்மி!

மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்த அடுப்படியிலிருந்து அவன் மனைவி ஞானம் கத்தினாள்: “இன்னா சுப்பு அண்ணே, ரெண்டு பொட்டியும் ஒரே மேரிதான் அலறுது! எங்காது கிழியுது!”

அவளுக்குப் பதில் சொல்ல, செட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பினான் சவரி. திரும்பியவன் துள்ளினான்.

“ஆங்! இப்ப இது கம்மியாயிடுச்சு பாரு!”

அவன் காட்டியது வலது ஸ்பீக்கரை. திரும்பி நின்றவனுக்கு அதுதான் இடது பக்கம். நான் முதலில் சிரித்துவிட்டேன். பாதியில் சிரிப்பு நின்றது. அவன் தோளைப் பிடித்து முன்னும் பின்னும் இரண்டு தடவை திருப்பினேன். எந்தப் பெட்டி இடது காதுக்கு நேராக வந்ததோ, அதுவே கம்மி.

சவரிக்கும் புரிந்துவிட்டது.

“நாளிக்கு கம்பெனில மெடிக்கல், மாமு.”

எனக்குத் தெரியும். வெல்டிங் ஷாப்பில் தலைக்கு மேலே கிரேன் ஓடும். அதன் மணி காதில் விழாதவனை உள்ளே விட மாட்டார்கள். அவனுக்கு இன்னும் இரண்டு வருட சர்வீஸ் பாக்கி.

“ஒயர்தான்னு சொல்லு” என்றான். “ஊரு பூரா ரீல் வுடற. எனக்கு ஒண்ணு வுட்டா இன்னா? டாக்டர் வாயப் பாத்துக்கினே தலையாட்டிட்டு வந்துடுவேன்.”

யானை அளவுக்கு ஒரு பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வந்தது வேறு.

“நீ நிக்கிற எடத்துக்கு கிரேன் எந்தப் பக்கத்துலேர்ந்து வரும்?”

அவன் இடது கை மட்டும் கொஞ்சம் உயர்ந்தது, பிறகு இறங்கியது. கரண்டியோடு வெளியே வந்த ஞானம் அந்தக் கையைப் பார்த்தாள். செட்டை நிறுத்தினாள்.

சவரி தரையில் உட்கார்ந்து, நான் வெட்டிப் போட்ட துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான்.

“இத்த ஜாயின் பண்ணு மாமு. ஸ்பீக்கர் அதும் எடத்துக்கே போவட்டும்.”

மூன்று இடத்தில் முறுக்கி டேப் சுற்றினேன். மறுபடியும் முப்பதடி ஆனது.

“நாளிக்கு நீயும் வா. டாக்டர் சொல்றது எனக்கு சரியா வுழலன்னா, நீ கேட்டுச் சொல்லு.”

“சொல்றேன்டா.”

வலது காது என் பக்கம் வருகிற மாதிரி நகர்ந்து உட்கார்ந்தான்.

“உள்ளத மட்டும் சொல்லு மாமு. ஒரு வார்த்த ஏத்தாத.”