ஆனி மாதக் கடைசி முகூர்த்தம்

சர்வர் செத்துப்போகவில்லை. செத்திருந்தால் ஒரு மூச்சு அழுதுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன். பதினாலாயிரம் பேருடைய பெயரும் போன் நம்பரும் ரத்த வகையும் அந்தப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கின்றன. அதைத் திறக்கத்தான் வழியில்லை. அப்படி ஆக்கிவைத்த புண்ணியவதி நான்தான்.

எங்கள் ரத்ததானக் குழுவை நடத்துகிறவர் ஜெயபாண்டி அண்ணன். கம்ப்யூட்டர் வேலை முழுக்க என் தலையில். ஆனையூரில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த ஆபீஸை கே.கே. நகருக்கு மாற்றினோம். ஆடி பிறந்தால் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்று ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் பால் காய்ச்ச நாள் குறித்தார் அண்ணன். அன்றைக்கே புது சர்வரும் ஓடியாக வேண்டும் என்றார். நான் போட நினைத்திருந்த டேட்டாபேஸ் மென்பொருளின் புதிய பதிப்போ புரட்டாசியில்தான் வெளியாகும். அதுவரைக்கும் சோதனை செய்து பார்க்க விட்டிருந்த பீட்டாதான் கிடைத்தது. பழைய பதிப்பே போதும் என்று சொல்லிப் பார்த்தேன். புது இடத்தில் போய் பழசைப் போடுவதா என்று முகம் சுளித்தார். பீட்டா என்றால் என்ன என்றும் கேட்டார். எல்லாம் தயார், வெளியிடுகிற நாள்தான் பாக்கி என்றேன்.

"அப்ப நிச்சயம் முடிஞ்சிருச்சு, தாலி மட்டுந்தான் பாக்கி. தாராளமா கூட்டிட்டு வா" என்றார்.

நானும் சிரித்தேன். அவர் மேல் பழி போட மாட்டேன். நிஜ வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று பீட்டாவை இறக்கிய இணையப் பக்கத்தின் உச்சியிலேயே சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. அதைப் படித்தது நான், அவர் இல்லை. மதுரையிலேயே இதை நான்தான் முதலில் ஓட்டுகிறேன் என்ற கொழுப்பு எனக்கு. இருந்த ஒரே கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் அழித்து, லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, பீட்டாவைப் போட்டு, ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியல் முழுவதையும் அதற்குள் மாற்றினேன். நல்ல நேரம் முடிய எட்டு நிமிஷம் இருக்கும்போது சர்வர் ஓடியது. அண்ணன் மானிட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்தார்.

இன்று காலை வழக்கம்போல லினக்ஸுக்கு அப்டேட் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால், அந்த அப்டேட்டோடு சேர்ந்து, முதல் பீட்டாவை அழித்துவிட்டு இரண்டாவது பீட்டா வந்து உட்கார்ந்திருந்தது. முதலாவது எழுதிவைத்த கோப்புகளை இரண்டாவது படிக்காதாம். முதலாவதை மறுபடி இறக்கலாம் என்றால், அதில் ஏதோ பெரிய பிழை என்று செய்தவர்களே இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். தினமும் நான் எடுத்துவைத்த பேக்கப்பும் அதே கோப்புகளின் நகல்தான். பழைய பதிப்பில் இருந்த பட்டியலை, இனி எதற்கு என்று மாற்றிய அன்றே அழித்திருந்தேன். உதவி கேட்டு அவர்களுக்கு எழுதினேன். அவர்கள் ஊரில் அப்போது எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

பத்தரை மணிக்கு மொக்கைச்சாமி வந்தார். செக்கானூரணிப் பக்கம் விவசாயம். அவர் மனைவி மலையம்மாளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மறுநாள் காலை ஆபரேஷன். மலையம்மாளுக்கு இருப்பது பாம்பே ரத்தம், பத்தாயிரத்தில் ஒருவருக்குத்தான் இருக்கும், வேறெதையும் ஏற்ற முடியாது. ரத்த வங்கிகள் எல்லாம் கையை விரித்துவிட்டன. சாயங்காலம் ஐந்து மணிக்குள் கொடுக்கிற ஆள் வந்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் பட்டியலில் அந்த ரத்தம் உள்ளவர்கள் மூன்று பேர். இந்த மாதத் தொடக்கத்தில் அவர் வந்தபோது நானே திரையில் காட்டி, ஆபரேஷன் தேதி தெரிந்ததும் வாருங்கள், தைரியமாக இருங்கள் என்று அனுப்பியிருந்தேன். ஊருக்குக் கொடுத்தால்தானே நாமும் கேட்க முடியும் என்று அவரும் அன்றே தன் பெயரைப் பதிந்துவிட்டுப் போனார்.

நடந்ததைச் சொன்னேன். அவர் பெட்டியையே பார்த்தார்.

"பேரு உள்ளதான தங்கச்சி இருக்கு?"

"உள்ளதாண்ணே இருக்கு."

"பூட்டு ஒடைக்கிற ஆளு நம்மூர்ல இருக்கான். கூட்டிட்டு வரட்டா?"

கேலியாகச் சொல்லவில்லை, நம்பித்தான் கேட்டார். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மூவரில் ஒருவன் நாகமலை புதுக்கோட்டையில் தங்கி யுனிவர்சிட்டியில் படிக்கிற பையன் என்பது அண்ணனுக்கு ஞாபகம் இருந்தது. முகம் தெரிகிறது, பெயர் வரமாட்டேன் என்கிறது என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். அங்கே தெரிந்த இரண்டு டீக்கடைகளுக்குப் போன் போட்டார். பெயர் தெரியாத பையனை அவர்கள் எங்கே போய்த் தேடுவார்கள். எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்று அவர் எந்த நம்பரையும் தன் போனில் வைத்துக்கொள்ளவில்லை.

பன்னிரண்டு மணிக்கு, டேட்டாபேஸை விட்டுவிட்டு அந்தக் கோப்புகளை நேரடியாகப் பிரித்துப் பார்த்தேன். பெயரும் ரத்த வகையும் புரியாத குறிகளாகக் கிடந்தன. போன் நம்பர்கள் மட்டும் முழுசாக வந்தன. எது யாருடையது என்று தெரியாத பதினாலாயிரம் நம்பர்கள். மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்பினேன். அறுபதாவது நம்பரோடு, விளம்பரம் அனுப்புகிறவள் என்று என் சிம்மை முடக்கிவிட்டார்கள். தெரிந்த வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் கேட்டுப் போட்டோம். 'விரைவில் குணமடைய வாழ்த்துகள்' என்றுதான் பதில் வந்தது.

கடைசியில் எழுபது தாளில் நம்பர்களை அச்செடுத்து, ஒவ்வொன்றாகக் கூப்பிட ஆரம்பித்தோம். அண்ணன் தன் செல்லில். நான் பக்கத்துக் கிளினிக்கில் இரவல் வாங்கிய செல்லில். மொக்கைச்சாமி ஆபீஸ் லேண்ட்லைனில். ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள் என்று தன் செல்லைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். பாதிப் பேர் எடுக்கவில்லை. எடுத்தவர்களில் பாதிப் பேர் லோன் கொடுக்கிறவர்கள் என்று நினைத்து வைத்துவிட்டார்கள். ஐந்து மணி வரை விடாமல் கூப்பிட்டாலும் ஆயிரத்தைத் தாண்ட முடியாது. எனக்கு அது தெரியும். அவர்கள் இருவரிடமும் சொல்லவில்லை.

மூன்றேகால் மணிக்கு மொக்கைச்சாமியின் சட்டைப் பையில் போன் அடித்தது. லேண்ட்லைனை வைத்துவிட்டு எடுத்தார்.

"சொல்லுங்க சார், மலையம்மா வீட்டுக்காரருதான் பேசுறேன்."

ஜன்னல் பக்கம், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்ற அண்ணன் தாளைப் பார்த்தபடியே பேசிக்கொண்டிருந்தார். "வணக்கம், ரத்ததானக் குழுவுல இருந்து பேசுறோம். உங்களுக்கு என்ன ரத்தம்னு தெரியுங்களா?"

அந்தக் குரல் அறையிலும் கேட்டது, மொக்கைச்சாமியின் போனிலும் கேட்டது. அவர் அண்ணனின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஓ பாசிட்டிவ்ண்ணே" என்றார் போனுக்குள். "எங்க வீட்டம்மாவுக்குச் சேராது."

அண்ணன் திரும்பவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. மொக்கைச்சாமி போனைப் பையில் போட்டுக்கொண்டு, போய் அவர் கையிலிருந்த தாளை மெதுவாக வாங்கினார். என்னிடம் பேனா கேட்டார். தன் நம்பரைத் தேடிப் பிடித்து ஒரு கோடு போட்டுவிட்டு, அதற்கடுத்த நம்பரை லேண்ட்லைனில் அழுத்த ஆரம்பித்தார்.