தொப்பையனும் கூனனும்

அரசாங்கக் களஞ்சியத்து அளவுகாரரிடம் இரண்டு கோல்கள் இருந்தன. மரக்கால் நிறைந்ததும் அதன் வாயில் வழித்துத் தலைதட்டும் கோல்கள். ஒன்று நடுவில் குழிந்தது. குடியானவனின் வரித் தானியத்தை அதைக்கொண்டு வழித்தால் மரக்காலின் மேல் ஒரு மேடு நிற்கும். மற்றது நடுவில் புடைத்தது. படைக்கு அளக்கும்போது அதைக்கொண்டு வழித்தால் மரக்காலுக்குள் பள்ளம் விழும். கூனன், தொப்பையன் என்று அவரே பெயர் வைத்திருந்தார்.

அந்த மேட்டையும் பள்ளத்தையும் வைத்துத்தான் களஞ்சியக் கண்காணிப்பாளரின் புது மாளிகை எழும்பிக்கொண்டிருந்தது. அளவுகாரருக்குக் கிடைத்தது வாயை மூடிக்கொண்டிருக்கும் வேலை. அதை விட்டுவிடவும் வழியில்லை. அப்பன் தொழிலை விட்டுப் போகிறவனுக்குச் சவுக்கடி என்று பேரரசர் சட்டம் போட்டுப் பத்து வருடமாயிற்று. படைக்குப் போகிறவனுக்கு மட்டும் விலக்கு.

அன்று காலை எல்லைக் கோட்டையிலிருந்து நாற்பது வீரர்கள் சாக்குகளோடு வந்தார்கள். முதல் ஆள் அளவுகாரருடைய மனைவியின் தம்பி. வரி கட்டி மாளாமல் நிலத்தைப் போட்டுவிட்டுப் போன மாதம்தான் படையில் சேர்ந்தவன்.

"என்ன மச்சான், ஆளையே தெரியாத மாதிரி நிக்கிறீங்க?"

"வேலை நேரத்துல என்னடா உறவு? சாக்கைப் பிடி."

தொப்பையனால் வழித்து வழித்து இருபது மரக்கால் அளந்தார். சாக்கைக் கட்டப் போன மைத்துனனின் கை நின்றது.

"மச்சான், இது என் சாக்கு. அக்கா போட்ட ஒட்டு இதோ இருக்கு. போன அறுப்புல இதுல வாய் முட்டக் கொண்டாந்தேன். இதே மரக்கால்ல அளந்து இருபதுன்னீங்க. இப்பவும் இருபதுதான். ஒரு சாண் குறையுதே, எங்க போச்சு?"

"மெதுவாப் பேசுடா! என் கழுத்து போயிரும்."

"அந்த வரியைக் கட்டத்தான மாட்டை வித்தேன்? எங்கூர்ல இப்ப நாலு வீட்டுலதான் அடுப்பு எரியுது."

பின்னால் நின்றவர்கள் நெருங்கினார்கள். அவர்களும் நேற்றுவரை குடியானவர்களே. சாக்குக் கணக்கை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"என்னய்யா அங்க சந்தைக்கடை? சீக்கிரம் அள!" என்று படியிலிருந்து கண்காணிப்பாளர் கத்தினார்.

அளவுகாரர் களஞ்சியத்துக்குள் எட்டிப் பார்த்தார். முப்பது ஊர்த் தானியம் வந்த களஞ்சியத்துக்கு இந்த முறை பதினோரு ஊர்தான் அளந்திருந்தது. மற்ற ஊர்களில் வயல் இருந்தது, ஆள் இல்லை. தொப்பையன் இருந்தால்தான் நாற்பது பேருக்கும் எட்டும். நேராக வழித்தால் களஞ்சியத்தின் தரை தெரியும். தரை தெரிந்தால் அவர் தலை போகும்.

மைத்துனன் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

அவர் தொப்பையனைக் கீழே போட்டார். "உன் ஈட்டியைக் குடு."

ஈட்டிக் காம்பு நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. சாக்கைக் கொட்டி முதலிலிருந்து அளந்தார். முப்பத்துமூன்றாவது சாக்கோடு மரக்கால் கல்தரையில் உரசியது. ஏழு பேர் வெறும் சாக்கோடு நின்றார்கள்.

"பிடிங்கடா இவனை! படைத் தானியத்தைத் திருடிட்டான்!" என்று கண்காணிப்பாளர் ஓடிவந்தார்.

ஒருவனும் அசையவில்லை. ஏழு பேரில் ஒருவன் மட்டும் மதிலுக்கு மேலே தெரிந்த மாளிகையைப் பார்த்தான். "ஐயா, எங்க பங்கு அந்த மாடியில ஏறிடுச்சு போல."

கண்காணிப்பாளர் பின்வாங்கிப் படியில் தடுக்கி உட்கார்ந்தார்.

மைத்துனன் சாக்கைத் தோளில் ஏற்றி, கோட்டைக்குப் போகும் வடக்குச் சாலையை விட்டுத் தெற்கே ஊர்ப்பக்கம் திரும்பினான். மற்றவர்களும் திரும்பினார்கள்.

"மாப்ளே, கோட்டையை யாருடா பாத்துக்குவா?"

"மாளிகை கட்டுனவரைக் கேளுங்க மச்சான்."

ஈட்டியை அவன் எடுத்துப் போகவில்லை. அது மரக்காலின் மேல் குறுக்கே கிடந்தது. அளவுகாரர் தன் கழுத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். வடக்குச் சாலையில் ஓர் ஆள்கூட இல்லை.