மஞ்சளித்த கரண்டிகள்

...போய்விட்டது, ஷிஃப்ட் முடிய முக்கால் மணி நேரம் இருக்கும்போதா கரண்ட் போகவேண்டும், ஜெனரேட்டரும் எடுக்கவில்லை, நின்றுபோன கரண்டி மெஷினையே கோமதிநாயகம் பார்த்துக்கொண்டு நின்றான், உள்ளே மக்காச்சோள மாவிலிருந்து செய்த பிளாஸ்டிக் உருகிக் கிடக்கிறது, மற்ற பிளாஸ்டிக் என்றால் தாங்கும், மண்ணில் மட்குவதற்கென்றே செய்த இது சூட்டில் பத்து நிமிடம் சும்மா கிடந்தாலே இற்றுவிடும்... காலையில் மனைவி செல்வலட்சுமி போனில், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வாங்கிவிட்டேன், நேரில் பேசுவோம் என்றாளே, குரலில் என்ன இருந்தது, சிரிப்பா? படப்பை பஸ் நிறுத்தத்தில் இவன் வேலை முடிந்து இறங்க, அவள் தன் கம்பெனி பஸ் ஏற, இடையில் கிடைப்பது பத்து நிமிடம், இரண்டு முறை கரு கலைந்தபின் குழந்தை என்ற பேச்சையே அவன் எடுப்பதில்லை, அவளோ எப்போதும்போல் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள், எப்படி முடிகிறது அவளால்?

இருபத்தைந்து நிமிடம் கழித்து மெஷின் ஓடியது. விழுந்த கரண்டிகள் மஞ்சளித்திருந்தன, ஒன்றை வளைத்தான், அப்பளம்போல் ஒடிந்தது. சூப்பர்வைசர் ஸ்ரீதர் எட்டிப்பார்த்து, "லேசா மஞ்சளு, அவ்ளோதானே, நல்லதோட கலந்து வுட்டுடுப்பா" என்றார். விட்டால் பஸ்ஸைப் பிடிக்கலாம், அவளைப் பார்க்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது... ஏதோ ஒரு பிள்ளை பாயசத்தை அள்ளி வாயில் வைத்து இதைக் கடித்தால்? அந்தப் பிள்ளைக்கு முன்பல் இரண்டுதான் முளைத்திருந்தது, ஏன் அப்படித் தோன்றியது?

"பூராத்தையும் வெளியேத்திருதேன் சார், இருந்து முடிச்சிட்டுப் போறேன்."

ஸ்ரீதர் அவன் முகத்தைப் பார்த்தார், தலையாட்டிவிட்டுப் போனார். மெஷினுக்குள் இற்றுப்போனது அத்தனையும் தண்ணீராய் ஒழுகியது, வெள்ளையாய் வரும்வரை தள்ளிக்கொண்டே இருந்தான், கம்பெனி பஸ் போய்விட்டது, ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்து வரும்போது மணி மூன்றரை, அவள் எப்போதோ போயிருப்பாள், இனி இரவு அவள் வரும்வரை இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு என்ன செய்வது... நிறுத்தத்தில், யூனிஃபார்ம் கோட்டோடு, அவள் நின்றுகொண்டிருந்தாள்.

வேலைக்குப் போகவில்லையா என்றான். பஸ்ஸை விட்டுவிட்டாளாம். கையிலிருந்த ரிப்போர்ட் கவரை நீட்டினாள், ஸ்டேப்ளர் பின்கூடப் பிரிக்கவில்லை.

"இன்னும் பாக்கலங்க. ஒத்தையில பாக்கப் பயமா இருந்துச்சு."

பயமா, இவளுக்கா... அப்படியென்றால் இத்தனை மாதமும் அந்தச் சிரிப்பு? கவரை வாங்காமல் அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டான். சில்லிட்டிருந்தன. எத்தனை நாளாக இப்படி இருக்கின்றனவோ, அவனுக்குத் தெரியவில்லை.