சேவல் கூவிய பக்கம்

அந்தக் கடைசி வரியை மட்டும் நான் எடுக்காமல் இருந்திருக்கலாம். சேவலின் கால்களைக் கொஞ்சம் குட்டையாக வரைந்திருந்தால் அந்த வரிக்கும் இடம் இருந்திருக்கும். குட்டைக் கால் சேவலை யார் வேண்டாமென்று சொல்லியிருக்கப் போகிறார்கள்?

எதிரே மேலாளர் பொயெட் சார் பேசிக்கொண்டிருந்தார். இப்படி நினைத்தபடி மெர்லிட்டா தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள். பிலிப்பைன்ஸின் செபுவில் செப்டம்பர் பிறந்துவிட்டால் கிறிஸ்துமஸ் வந்துவிட்ட மாதிரிதான். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் இரண்டு பேர் ஏணி மேல் நின்று காகித நட்சத்திரங்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் விருந்துக்கான பொறுப்பு இந்த வருடமும் பொயெட் சாரிடம்தான். அவர் கையில் ஒரு தாள் இருந்தது. அதில் பேனாவால் கிறுக்கிய ஒரு சேவல், தலையில் கிரீடத்தோடு.

சேவலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது.

அது மெர்லிட்டாவின் சேவல். ஆஸ்திரேலியக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கோப்புகளைப் பார்க்கும் அலுவலகம் இது. இணையத்தில் எந்தப் பக்கம் திறக்கலாம், எது கூடாது என்று காவல் காக்கும் ஃபயர்வால் அவள் பொறுப்பில் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஆண்கள் வேலை நேரத்தில் சேவல் சண்டைப் பந்தயம் பார்க்கிறார்கள் என்று மேலிடம் கோபப்பட்டது. தடுத்தாள். தடுத்த இடத்தில் வந்து நின்ற பக்கம் ஆஸ்பத்திரி அறிவிப்பு மாதிரி சாம்பல் நிறத்தில் சிவப்பு முக்கோணத்தோடு இருந்தது. யாரும் கேட்காமலேயே இரண்டு சனிக்கிழமைகள் உட்கார்ந்து அதை மாற்றினாள். இறக்கைகளைக் கட்டிக்கொண்டு முறைக்கும் ஒரு சேவல். கீழே, 'மாட்டிக்கிட்டியா? போ, போய் வேலையப் பாரு.' பக்கம் திறந்ததும் சேவல் ஒருமுறை கூவும்.

பழைய பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. தவறாகத் தடுக்கப்பட்டது என்று நினைத்தால் இங்கே அழுத்தித் தெரிவிக்கலாம் என்று. அதன் வழியாக வந்ததெல்லாம் பந்தயத்தைத் திறந்துவிடச் சொல்லும் கெஞ்சல்கள்தான். சேவலின் கால்களுக்கும் இடம் போதவில்லை. அந்த வரியை எடுத்துவிட்டாள்.

அந்த டிசம்பர் விருந்தில் சேவலுக்கு முதல் பரிசு கிடைத்தது, ஒரு ரைஸ் குக்கர். இன்றும் வீட்டில் அதில்தான் சோறு.

சேவல் யாருடைய மேசையில் கூவுகிறதோ அவர் அன்றைக்குப் பகுதி முழுவதற்கும் மாலைப் பலகாரம் வாங்கித் தர வேண்டும் என்று ஒரு வழக்கம் தானாகவே உண்டானது. கூவல் கேட்டதும் கைதட்டல், மேசையைத் தட்டல், யாரென்று எட்டிப் பார்த்தல். மெர்லிட்டாவும் எட்டிப் பார்ப்பாள். அவளுடைய கணினியில் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. ஃபயர்வாலைப் பார்ப்பவர்களுக்கு எல்லாப் பக்கமும் திறக்கும்.

போன வருடம் அக்டோபரில் ஒருநாள் அனலினின் மேசையில் கூவியது. அனலின் அதிகம் பேசாதவள். தினமும் மாலையில் வாசலில் அவள் புருஷன் மோட்டார் சைக்கிளோடு நிற்பான். அவள் ஏறுவதற்கு முன் கையை நீட்டுவான். வேலை நேரம் முழுக்க லாக்கரில் பூட்டியிருந்த போனை அவள் அந்தக் கையில் வைப்பாள். கொடுத்துவைத்தவள், கூட்டிப்போக ஆள் இருக்கிறது என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். மெர்லிட்டாவும் செய்திருக்கிறாள்.

அன்று அனலின் எல்லோருக்கும் சர்க்கரையில் பொரித்துக் குச்சியில் குத்திய வாழைப்பழம் வாங்கினாள். ஒன்றை மெர்லிட்டாவின் மேசைக்கே எடுத்துவந்தாள்.

"உங்க சேவல் நல்லாக் கூவுதுக்கா," என்றாள்.

"எந்த சைட்டுடி? சண்டையா, செருப்புக் கடையா?" என்று மெர்லிட்டா கேட்டாள். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. சும்மா."

அனலினும் சிரித்தாள். ஆனால் போகவில்லை. கையிலிருந்த காகிதத் துடைப்பை நான்காக மடித்தாள், மறுபடி ஒருமுறை மடித்தாள். வாயில் வாழைப்பழத்தோடு மெர்லிட்டா திரையின் பக்கம் திரும்பிவிட்டாள். திரும்பிப் பார்த்தபோது அனலின் அங்கே இல்லை.

நவம்பர் நடுவில் தாடையில் தையலோடு வந்தாள். வண்டியிலிருந்து விழுந்துவிட்டேன் என்றாள். அடுத்த வாரம் வேலையை விட்டுவிட்டாள். லெய்ட்டே தீவில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டதாக ஒருத்தி சொன்னாள், இல்லை, இன்னும் அவனோடுதான் இருக்கிறாள் என்றாள் இன்னொருத்தி. போன் போகவில்லை.

மார்ச்சில் வருடக் கணக்கு கேட்டார்கள். எந்த வகையில் எத்தனை தடுப்புகள் என்று மொத்தம் மட்டும் கொடுத்தால் போதும். வன்முறை என்ற வகையில் போன வருடத்துக்கு மொத்தமே பதினான்கு. இவ்வளவு குறைவா என்று திறந்து பார்த்தாள். பதினொன்று ஒரே மேசையிலிருந்து, மூன்று வாரத்துக்குள், ஒரே முகவரி. மெர்லிட்டா அதை அழுத்தினாள். அவளுக்குத் திறந்தது. வீட்டில் அடிபடும் பெண்களுக்குத் தங்க இடம் தரும் ஒரு சின்ன அமைப்பு. எப்படித் தொடர்புகொள்வது, எந்த பஸ் ஏறி எங்கே இறங்குவது, பிள்ளைகளை எப்படிக் கூட்டிவருவது என்றெல்லாம் எளிமையாக எழுதியிருந்தார்கள். பக்கம் முழுக்க அடி, உதை என்ற சொற்கள். அதனால்தான் ஃபயர்வால் அதை வன்முறை என்று எடுத்துக்கொண்டது.

அன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அனலினின் பழைய மேசையில் போய் உட்கார்ந்தாள். சாதாரண ஊழியர் கணக்கு ஒன்றில் நுழைந்து அந்த முகவரியைத் தட்டினாள். சேவல் கூவியது. காலியான கூடத்தில் அது இவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. தான் வரைந்த கண்கள் தன்னையே முறைத்தன. மாட்டிக்கிட்டியா?

முதல் தடவை மட்டும்தான் கூவியிருக்கிறது. மற்ற பத்துத் தடவையும் அனலின் சத்தத்தை அணைத்துவிட்டுத் தேடியிருக்க வேண்டும். சேவல் இந்தத் தடவை வழிவிடுமா என்று பார்த்திருப்பாள். கேட்பதற்கு வேறு இடமில்லாமல் ஒரு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். நான் என்ன கேட்டேன்? செருப்புக் கடையா என்று கேட்டேன்.

மெர்லிட்டா அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டாள். சேவலை எடுத்தாள். வெள்ளைத் திரையில் மூன்று வரி வைத்தாள். 'இந்தப் பக்கம் இங்கே திறக்காது. தேவைப்பட்டால் 214-க்குப் பேசுங்கள். காரணம் கேட்கமாட்டோம்.' சேவலை அடோபோ குழம்பு வைத்துத் தின்றுவிட்டாயா என்று ஒரு மாதம் கேலி செய்தார்கள். ஆமாம், ருசியாக இருந்தது என்று சொல்லிவைத்தாள். இதுவரை அவள் மேசை போனான 214-க்கு ஆறு பேர் பேசியிருக்கிறார்கள். நான்கு பேர் பந்தயக்காரர்கள். மற்ற இருவரைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பொயெட் சார் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். சேவலுக்குக் கீழே மாட்டியவருடைய பெயர் வர வேண்டும், இது எத்தனையாவது தடவை என்றும் வர வேண்டும். அதிகம் மாட்டியவருக்கு விருந்து மேடையில் கொண்டை வைத்த தொப்பி. பகுதித் தலைவர் பதவிக்கு அவள் பெயரைத்தான் சொல்லியிருப்பதாகவும், இந்த மாதிரி ஒன்று செய்தால் மேலே எல்லோருக்கும் அவளை ஞாபகம் இருக்கும் என்றும் இடையில் சொன்னார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஏத்திடு."

"நான் ஏத்தல சார்."

"நேரமில்லையா? திங்கக்கிழமை கூடச் சரி."

"நேரம் இருக்கு."

"அப்புறம் என்ன?"

அனலினின் பெயர் நாக்கு வரை வந்தது. அதைச் சொன்னால் அவர் ஒத்துக்கொள்வார், நல்ல மனுஷர்தான். ஆனால் சாயங்காலத்துக்குள் கூடம் முழுவதற்கும் தெரிந்துவிடும். அவளை ஒருதடவை இந்தக் கூடத்துக்குக் காட்டிக்கொடுத்தது போதும்.

"இப்ப இருக்கறதே இருக்கட்டும் சார்."

"நீ முன்னெல்லாம் எவ்வளவு ஜாலியான ஆளு," என்றார் அவர், நிஜமான வருத்தத்தோடு.

"ஆமா சார்," என்றாள் மெர்லிட்டா. கிரீடம் வைத்த சேவலை மேசைமேல் மெதுவாக அவர் பக்கமே நகர்த்தி வைத்தாள்.