எலீசியோவின் சாவி

விடியுமுன்னே ஹசிந்தாவின் கைகள் சவுக்காரத் தொட்டிக்குள் இருந்தன. எவ்வளவு அடித்துத் துவைத்தாலும் சுரங்கத்துக்காரர்களின் கால்சட்டையிலிருந்து கரி போய்த் தொலைவதில்லை. விரல் வெடிப்புகள் எரிந்தன. கணவன் எலீசியோ இருந்தவரை அவள் ஊரார் துணியைத் தொட்டவளல்ல. போன வாரம் சுரங்கக் குழியின் கூரை சரிந்து அவனை மூடிவிட்டது. இரண்டு நாள் தோண்டிப் பார்த்த கம்பெனி, செலவு கட்டாது என்று கைகழுவிவிட்டது. புதைக்க உடல்கூட இல்லாமல் நின்றாள் அவள்.

அன்று தேர்தல். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் அந்தக் காலத்திலேயே பெண்களுக்கும் ஓட்டு உண்டு. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போனாள். சுரங்கத்துக்காரர்கள் உடை மாற்றும் கொட்டகைதான் வாக்குச்சாவடி. வீட்டிலிருந்து போட்டு வந்த துணியை ஆளுக்கொரு சங்கிலியில் மாட்டிக் கூரைக்கு ஏற்றி, சங்கிலியைச் சுவரோடு பூட்டிவிட்டு, சாவியோடு குழிக்குள் இறங்குவது அவர்கள் வழக்கம்.

ஓட்டுப்பெட்டிக்கு நேர்மேலே எலீசியோவின் நீலச்சட்டை தொங்கியது. அவள் பித்தான் தைத்துக் கொடுத்த சட்டை.

வாசலில் மேனேஜர் பிரிட்சர்ட் சிரித்த முகமாய் நின்றார். "கவர்னருக்கும் மத்த அதிகாரிகளுக்கும் சம்பளம் ஏத்துற தீர்மானம்ப்பா. பாவம், ரொம்ப வருஷமா அதே சம்பளம். எல்லாரும் 'சரி'ன்னு போடுங்க."

"எங்க கூலியக் குறைச்சீங்களே, அதுக்கு ஏன் ஓட்டு வைக்கல?" என்றான் கொழுந்தன் பிலோமெனோ. "கூரைக்கு முட்டுக் கொடுக்க மரம் கேட்டப்ப காசில்லன்னீங்களே!"

வரிசை கொல்லென்று சிரித்தது. பிரிட்சர்ட்டின் முகம் சுருங்கியது. "முதல்ல அந்தச் சட்டைய இறக்குங்க. ஓட்டுப் போடுற இடத்துல செத்தவன் துணியா? பூட்டை அறுத்துத் தள்ளுங்கடா!"

ஒருவன் ரம்பத்தோடு வந்தான். ஹசிந்தா பூட்டை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"அறுக்க வேணாம். சாவி இருக்கு."

"எங்கம்மா இருக்கு?" என்றான் அவன்.

"அவரு பையில. கீழ. போய் எடுத்துட்டு வாங்க."

ரம்பக்காரன் தலையைக் குனிந்துகொண்டு ரம்பத்தைக் கீழே வைத்தான். அவனுடைய சங்கிலியும் அங்கேதான் தொங்கியது.

"அண்ணி சொன்னது காதுல விழுந்துச்சா?" என்றான் பிலோமெனோ. "இனி நாங்க இறங்குனா அந்தச் சாவிய எடுக்கத்தான். கரி எடுக்க இல்ல."

"நீங்க குடியிருக்கிறது கம்பெனி வீடு. ஞாபகம் இருக்கட்டும்!" என்றார் பிரிட்சர்ட்.

எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. வெளியே பனி விழத் தொடங்கியிருந்தது. ஹசிந்தா சீட்டை வாங்கி 'வேண்டாம்' என்ற இடத்தில் குறி போட்டாள். தீர்மானம் தோற்குமா, யார் கண்டது?

வேலைக்குச் சங்கு ஊதியது. ஒருவரும் போகவில்லை. சுவரோரம் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ரம்பக்காரனும் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணன் சாவிய எந்தப் பையில வைப்பாரு, அண்ணி?" என்று கேட்டான் பிலோமெனோ.

"இடது பையில," என்றாள். அத்தனை நாள் அடக்கிவைத்த அழுகை அப்போதுதான் வெடித்தது.